திரையின் பின்பக்கம்

1959, பொங்கல் கழிந்த வாரம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவை ஒட்டியிருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் மாணவர்களுக்காக விஞ்ஞானப் படம் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற வண்டி ஒன்று வருகிறதாம். பெற்றோர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை கிடையாது. எட்டு மாதக் கைக்குழந்தைதான். இருந்தாலும் நானும் பெற்றவள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். விஞ்ஞானம் என்றால் எனக்கு உயிர். மேலே படிக்கப் பாளையங்கோட்டையில் இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. நல்ல இடம், நல்ல மனிதர்கள். ஆனாலும் காலையில் பள்ளிக்கூட மணிச் சத்தம் சமையலறை வரை கேட்கும்போது கை கொஞ்சம் நின்றுபோகும்.

அத்தையிடம் கேட்க வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டேன். அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பனியில பிள்ளையத் தூக்கிட்டுப் போகணுமாக்கும்? போ, போ. படிச்ச பொண்ணுல்லா. நாளைக்குச் சளி பிடிச்சா கஷாயம் போட நான் இருக்கேன்."

இது சம்மதமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வீட்டு மதினிதான், "போன்னு சொல்லிட்டாகல்லா, பொறவு என்னட்டி யோசனை?" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். குழந்தைக்குக் குல்லா, அதன் மேல் துண்டு, அதற்கும் மேல் என் முந்தானை.

எங்கள் பக்கத்தில் இப்படி மைதானத்தில் படம் போட்டால் ஆண்கள் திரைக்கு முன்னால் உட்காருவார்கள், பெண்கள் பின்னால். வெள்ளைத் துணியில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். ஈரத்துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். சாமி படம் பார்க்க அது தாராளமாகப் போதும். அதில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. என் வீட்டுக்காரர் ஆபீஸ் நண்பர்களோடு முன்பக்கம் போய்விட்டார். நான் மதினியோடு பின்பக்கம் உட்கார்ந்தேன்.

படம் இங்கிலீஷ் படம். அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் ஒரு செல். அதற்குள் நூல் மாதிரி சுருள்கள். ஒரு நூலைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அது முறுக்கிவிட்ட ஏணி மாதிரி இருந்தது. பேர் ரொம்ப நீளம், டி.என்.ஏ. என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்றார் வாத்தியார். ஓர் உயிர் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் எழுதியிருக்கிறதாம். ஏணிப்படிகளில் நான்கே நான்கு இங்கிலீஷ் எழுத்துகள். அதைக் கண்டுபிடித்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறதாம். அப்படியென்றால் நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலேயே இது தெரிந்திருக்கிறது, எங்கள் புத்தகம் வரைக்கும்தான் வந்து சேரவில்லை என்று நினைத்தபோது மனசு ஒரு மாதிரி ஆயிற்று.

பிறகு ஏணி நடுவே பிரிந்தது. "சடைய அவுத்துப் போட்ட மாதிரில்லா இருக்கு," என்றாள் மதினி. பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிந்த இரண்டு இழையும் தனித்தனியே தனக்கு ஜோடியாக ஓர் இழையைக் கட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. ஏ-க்கு எதிரே டி மட்டும்தான் வந்து சேரும், ஜி-க்கு எதிரே சி மட்டும்தான் என்றார் வாத்தியார். ஏ-யும் டி-யும் எனக்கு நேராகத் தெரிந்தன. மற்ற இரண்டும் திரும்பிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் அவர், "இந்த முறுக்கு எப்படிப் போகுதுன்னா, நம்ம வீட்டுப் பொம்பளைக கம்மல்ல இருக்கே திருகாணி, அந்த மாதிரி வலப்பக்கமாச் சுத்திப் போகும்," என்றார். நான் தோட்டின் திருகாணியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். அதன் மரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. திரையில் ஏணி மறுபக்கம் சாய்ந்திருந்தது. எனக்குத்தான் சரியாகப் பார்க்கத் தெரியவில்லையோ என்று மறுபடி பார்த்தேன். அப்புறம் இருட்டில் திருகாணி விழுந்துவிட்டால் அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் வந்து அவசரமாகத் திருகிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டாள். தோளில் போட்டுத் தட்டியும் அடங்கவில்லை. "பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன படம் வேண்டிக்கிடக்கு?" என்று யாரோ முனகினார்கள். எழுந்து திரையைச் சுற்றி இருட்டில் நடந்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நடந்தேன். ஆனால் வெளியே போகிற வழி படம் ஓட்டுகிற மிஷின் பக்கமாகத்தான் இருந்தது. அதிலிருந்து போன வெளிச்சத்தைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

ஏணி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லா எழுத்தும் நேராக இருந்தன.

"பொம்பளைகளுக்கு அங்கன இடம் போட்டிருக்குல்லா," என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். நான் நகரப் போனேன். மிஷின்காரர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பிள்ளை வெளிச்சத்தப் பாக்கட்டும் அண்ணாச்சி. அங்க போனா அழும், பொறவு உமக்கும் கேக்காது," என்றார். நின்றேன். சற்றுத் தள்ளி என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் நின்றேன்.

ஒரு நூல் இரண்டாகி, ஒரு செல் இரண்டானது. அச்சு அசலாக அதேதான் என்றார் வாத்தியார். ஆனால் எப்போதாவது ஓர் எழுத்து மாறிச் சேர்ந்துவிடுமாம். அந்த மாற்றமும் அப்படியே நகலாகிப் போகுமாம். சில சமயம் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கும் போகுமாம். "ஏன் மாறுதுன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது ரீல் முடிந்து வால் படபடவென்று அடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டார்கள்.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க," என்றார் வாத்தியார். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"பின்னால இருந்து பாத்தா முறுக்கு இடப்பக்கமா இருந்துது சார். எது சரி?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "எந்தப் பக்கம் சுத்தினா என்னம்மா, சோறு வேகுமா?" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "இந்தப் பக்கம்தாம்மா சரி. இவ்வளவு பேருக்குத் தப்பாக் காட்டிட்டோம்," என்றார். பெண்களை முன்னால் உட்காரவைத்து இன்னொரு தடவை ஓட்ட முடியுமா என்று மிஷின்காரரைக் கேட்டார். இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது, இங்கே முடித்துக்கொண்டு புளியங்குடிக்குப் போகவேண்டும், அடுத்த தடவை கட்டாயம் போடுகிறேன் என்று அவர் தயவாகத்தான் சொன்னார்.

எனக்கு இன்னொன்று கேட்க இருந்தது. ஏன் மாறுகிறது? வாத்தியார் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வாய் திறந்தேன். இருந்த தைரியம் முழுவதும் முதல் கேள்வியிலேயே செலவாகிப்போயிருந்தது. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் நாலடி முன்னால் நடந்தார். ஆண்கள் நடுவே பேசியதற்குக் கோபம் என்று பயந்துகொண்டே வந்தேன். தெருமுனையில் நின்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டாவது என்னமோ கேக்க வந்தியே, என்னது?"

"ஒண்ணுமில்ல," என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்கவில்லை. அந்த வண்டி இதுவரை திரும்ப வரவில்லை. வாத்தியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். மகள் இப்போது நடக்கிறாள். வாசலைத் தாண்டப் போனால் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் அப்படியே அம்மையை உரித்து வைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லுகிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். அம்மன் சந்நிதியில் இப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடினால், என்னிடமிருந்து இவளுக்குப் போனதில் எங்கேயாவது ஓர் எழுத்து மாறிப்போயிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் வருகிறது.