பொங்கல் விருந்துக்கு ஒரு திருத்தம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியில் தமிழர் குறைவு. ஆனாலும் ஒரு சங்கம் வைக்கவும், அதற்குள் இரண்டு கட்சி கட்டவும் போதுமான அளவு இருந்தோம். நான் செயலாளர். கூட்ட விதிகள் எனக்கு மனப்பாடம் என்பதால் அந்தப் பதவி கிடைத்தது; வேறு யாரும் அதை விரும்பவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு சில மாதம் தங்க வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பப்புவா நியூகினி அப்போதுதான் சுதந்திரம் பெற்றது. ஆஸ்திரேலியக் கொடி இறங்குவதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கொடி இறக்குவது ஒரு நாள் வேலை, மிச்சமெல்லாம் இனித்தான் என்றார். வயதானவர்கள் சொல்லக்கூடியதுதான் என்று நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

எங்கள் பொங்கல் விருந்து ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும். அதன் குசினியில் ஆண்டுக்கு ஒரு குடும்பம் முறைவைத்து எல்லோருக்கும் பொங்கும். அந்த முறை, ரயில்வேயில் படவரைஞராக வேலைக்கு வந்திருந்த ஒருவரின் மனைவிக்கு விழுந்தது. எங்கள் ஆட்கள் புதியவர் ஒருவரைக் கண்டால் முதலில் ஊரைக் கேட்பார்கள். பிறகு எந்தக் கோயிலடி என்பார்கள். பிறகு யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்பார்கள். மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். இவர்களுடையதும் தெரிந்துவிட்டது.

உடனே சங்கத்துக்குச் சுகாதாரத்தில் அக்கறை பிறந்தது. தலைவர் ஒரு டொக்டர். இந்த ஆண்டு பொதுச் சமையல் வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாம் என்று கூட்டத்தில் அவரே பிரேரித்தார். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. படவரைஞர் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: இது நிறைவேறினால் இனி அவர்கள் வரமாட்டார்கள், மனைவி ஏற்கெனவே பெரிய பானை வாங்கிவிட்டாள் என்று. அவர் மனைவி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார்.

என்னோடு வந்திருந்த மாமனார் கையை உயர்த்தினார். பார்வையாளர் பேசத் தலைவரின் அனுமதி வேண்டும் என்றேன். டொக்டருக்கு ஆசிரியர்களிடம் மரியாதை, அனுமதித்தார்.

மாமனார் எழுந்து, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தாம் புதிதாக வேலைக்குப் போன கதையைச் சொன்னார். எல்லோருக்கும் வாக்குரிமை வரப்போகிறது, சுயராச்சியம் வரப்போகிறது என்று இளைஞர்கள் மேடை போட்ட காலம். எந்தச் சாதிப் பிள்ளையும் தரையில் இருக்கக்கூடாது, எல்லோரும் சமமாக வாங்கில் உட்காரவேண்டும் என்று அரசாங்கம் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது. அவருடைய பள்ளியை நடத்திய முகாமையாளர் உத்தரவை மீறவில்லை. வாங்குகள் எல்லாவற்றையும் திருத்தவேண்டும் என்று வண்டியில் ஏற்றிவிட்டார். இனி எல்லோரும் தரையில், எல்லோரும் சமம். அடுத்த நாள் பெரிய வீட்டுப் பிள்ளைகள் உட்கார ஆளுக்கொரு பலகையோடு வந்தார்கள்.

"அவரவர் வீட்டிலயிருந்து கொண்டு வந்தது, டொக்டர்," என்றார். "விதியில பிழை இல்லை."

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று டொக்டரே கேட்டார்.

"வாசலில நிண்டு பலகை எல்லாத்தையும் வாங்கி அடுக்கினன். பிறகு முன்னுக்கு நிண்ட பிள்ளைக்கு மேல கிடந்த பலகை. ஆரின்ர பலகை எண்டு நான் பார்க்கேல்லை. மூண்டு கிழமையில என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். ஆனா வாங்கு திரும்பி வந்திட்டுது. ஆரின்ரயோ பலகையில இருக்கிறதை விட வாங்கு பரவாயில்லை எண்டு தாய் தகப்பனே போய்க் கேட்டவை."

வேலை போனதை, குடை தொலைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். என் மனைவிக்கே அது தெரியாது என்பதைப் பிறகு அறிந்தேன். அதன்பின் என் பக்கம் திரும்பி, பார்வையாளர் திருத்தம் கொண்டுவரலாமா என்று கேட்டார். முடியாது, உறுப்பினர் ஒருவர் கொண்டுவரலாம் என்றேன்.

"அப்ப நீங்கள் கொண்டு வாங்கோ, செயலாளர் தம்பி."

கொண்டுவந்தேன். அவரவர் சாப்பாட்டைக் கொண்டுவரலாம். ஆனால் எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைத்து, கலந்தே பரிமாறவேண்டும். படவரைஞர் வழிமொழிந்தார். டொக்டர் கொஞ்சம் யோசித்தார். யார் வீட்டுச் சோறு என்று தெரியாமல் சாப்பிடுவதை விட, தெரிந்து சாப்பிடுவது மேல் என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். தம் பிரேரணையை மீளப் பெற்றார். பிரேரணை போனால் திருத்தமும் போய்விடும். என் வாழ்நாளில் நான் கொண்டுவந்த திருத்தங்களில் மிகச் சிறந்தது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

பொங்கலன்று மூன்று குடும்பங்களுக்கு வரமுடியாதபடி வயிற்றுவலி. மற்றவர்கள் வந்தார்கள். முறைப்படி பொங்கிய படவரைஞரின் மனைவி ஒவ்வொருவர் தட்டிலும் பொங்கலை வைத்துவிட்டு, கரண்டியோடு நின்று முகங்களைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிட்டோம். பாராட்டுகள் பெருகின: அருமை, பிரமாதம், இப்படிச் சாப்பிட்டதே இல்லை. முன்பு எந்த ஆண்டும் பொங்கியவரை நாங்கள் அப்படிப் புகழ்ந்ததில்லை. அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. மாமனார் இரண்டாம் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, பயறு வேகேல்லை."

பிறகு டொக்டரின் மனைவி, சர்க்கரையும் கொஞ்சம் காணாது, இன்னும் போட்டிருக்கலாம் என்றார். வேறொருவர், அடியும் பிடித்துவிட்டது போல என்றார்.

"இந்த ஊர் அடுப்பில வந்து பொங்கிப் பாருங்கோ, அன்ரி," என்றார் அந்த அம்மா, டொக்டரின் மனைவியிடம். படவரைஞரின் மனைவி சிரித்து நாங்கள் முதலில் பார்த்தது அன்றுதான். கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என் மாமனாருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.