ஊற்றுவதற்கு முன்

என் தங்கையின் கணவனுக்கு வயிற்றுக்குள்ளேயே நேராகக் கீமோ ஊற்றினார்கள். இரைப்பையில் பிடித்த புற்று வயிற்றின் உட்சவ்வு முழுக்க மணலைத் தூவியதுபோல் பரவியிருந்தது. கை நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராதாம். அதனால் விலாவின் மேல், தோலுக்கு அடியில் சிறிய மூடி ஒன்றைப் புதைத்து, அதிலிருந்து ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டிருந்தார்கள். சில சுற்று போகட்டும், பிறகு கேமரா விட்டுப் பார்க்கலாம், உள்ளே சுத்தமாக இருந்தால் இரைப்பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த ‘இருந்தால்’ தங்கையின் காதில் ஏறவே இல்லை. எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

அவளுக்குக் கையுறை ஆலையில் ஷிஃப்ட் வேலை. ஆகவே எங்கள் ஊரான லகாட்டிலிருந்து அவனை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று. ஒரே தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான்.

மருந்து உள்ளே போனபின் சும்மா படுத்துக் கிடந்தால் போதாது. அது எல்லா மூலைக்கும் பரவ, கால் மணிக்கு ஒருதரம் புரள வேண்டும். "அங்கிள், பூசிங் லா," என்று மலாய்த் தாதி வாசலில் நின்றே கையைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். புரட்டுகிறவன் நான். அவன் சாயும் பக்கமாக வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து ஒரு கனம் நகர்ந்து வந்து கையில் உட்காரும்.

"வந்துருச்சா மச்சான்?"

"வந்துருச்சு. உன் வயிறு நம்ம லகாட்ல ஈயம் தோண்டின குட்டை கணக்கா இருக்குடா."

"அப்ப மீன் வளத்துக்க லா."

இரண்டு பேரும் சிரிப்போம். ஆனாலும் அந்தக் கனம் கையில் தட்டும்போதெல்லாம், மருந்துதானே, நல்லதுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஊற்றியது சில நாளில் உடம்பில் சுவறிவிடும் என்று தாதி சொல்லியிருந்தாள். அப்படித்தான் சுவறியது. அடுத்த முறை போகும்போது வயிறு ஒட்டிக் கிடக்கும்.

பிறகு சிலிபினில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வந்தது. வந்தே தீருவேன் என்று மச்சான் அடம்பிடித்தான். மண்டபத்தில் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அட, தொப்பை வந்துருச்சு! ஆளு தேறிட்டாரு பாருங்க."

"வீட்டுச் சாப்பாடு ஒட்டுது லா, வேற என்ன?"

நம் ஆட்களுக்கு வயிறு தெரிந்தால் போதும், ஆள் பிழைத்துவிட்டான். மச்சானும் சட்டையைத் தடவித் தடவிக் கல்யாண மாப்பிள்ளையைவிடப் பெரிதாகச் சிரித்தான். தங்கை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒருவராவது அவன் தோளைப் பார்த்தார்களா? சட்டை கொடிக்கம்பியில் தொங்குவதுபோல் தொங்கியது. கன்னம் உள்ளே போயிருந்தது. இலையில் வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. வாயைத் திறந்தால் நான்தான் அபசகுனம் பிடித்தவன் ஆவேன் என்று பாயாசத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்றுக்குப் போகவேண்டிய காலை. அவன் வீட்டுக்கூடத்தில் சோபாவில் மல்லாந்து கிடந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்க இடப்பக்கமாகப் புரண்டான். பழக்கதோஷம், நான் கையை அடியில் கொடுத்தேன்.

கொஞ்சம் பொறுத்து அது வந்தது. மெதுவாக, எப்போதையும்விடக் கனமாக வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

எனக்குக் கையை எடுக்கத் தெரியவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான்.

"வந்துருச்சா மச்சான்?"

நான் தலையசைத்தேன்.

"இன்னும் ஊத்தவே இல்லயே," என்றான் தணிந்த குரலில்.

என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. கையில் இருந்தது மருந்தல்ல, புற்று சுரந்த நீர்.

அறையிலிருந்து தங்கை வந்தாள். கையில் அவனுடைய சிலுவார்.

"பழசு எதுவுமே இடுப்பு பத்தல அண்ணே. பிரிச்சுவிட்டுத் தச்சிருக்கேன். இனிமே இன்னும் சதை போடுமில்ல?"

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மச்சான் என் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தான்.

"கொண்டா, போட்டுக்கிறேன்," என்றான்.

இடுப்பு சரியாக இருந்தது.