சித்திரப் பாடத்தை நிறுத்தியவர்களில் ஒருத்தி

தில்லையடியில் நான் கணிதம் படிப்பித்த பாடசாலையில், பத்தாம் ஆண்டுக்குச் சித்திரப் பாடம் வேண்டுமா என்று ஒரு கூட்டம் நடந்தது. முக்கிய பாடங்களில் தேறாத பிள்ளைக்கு வேறெதுவும் உதவாது என்றார் அதிபர். சித்திரத்தை நிறுத்தி எல்லோரையும் இலக்கியத்துக்கு மாற்றினால், தமிழ் ஆசிரியரே அதையும் பார்த்துக்கொள்வார். மிஞ்சும் பாடவேளைகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுக்கலாம் என்றார்.

சித்திர ஆசிரியை மட்டும் எழுந்து நின்றார். சில பிள்ளைகளுக்குச் சாதாரணச் சித்தியைவிட உயர்ந்த திறமைச் சித்தி எடுக்கக்கூடிய பாடம் இது ஒன்றுதான் என்றார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்துவதற்கே கையை உயர்த்தினேன். பிள்ளைகளின் நன்மைக்காக என்றேன். என் பாடத்துக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதில் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லவில்லை. என் மகள் வேறொரு பாடசாலையில் சித்திரம்தான் படித்துக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் ஒரு மீனவரின் மகள் இருந்தாள். அவளுடைய கணிதக் கொப்பியின் ஓரமெல்லாம் வள்ளங்களும் வலை இழுக்கும் கைகளும் இருக்கும். நான் சிவப்புப் பேனையால் அவற்றை வெட்டியிருக்கிறேன். இரண்டு வருடமும் என் மேலதிக வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வந்தாள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது கணிதத்தில் சித்தியடைந்தவர்களின் தொகை கூடியிருந்தது. காலைக்கூட்டத்தில் அதிபர் என்னைப் பாராட்டினார். அவளும் கணிதத்தில் தேறியிருந்தாள். ஆனால் உயர்தரம் படிக்க மூன்று திறமைச் சித்திகள் வேண்டும், அவளுக்கு இரண்டுதான். இலக்கியத்தில் மயிரிழையில் சாதாரணச் சித்திதான் எடுத்திருந்தாள்.

அவள் வீட்டுப் படியேற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவளுடைய உம்மா தேத்தண்ணி தந்து, "கணக்குப் பாஸாக வச்சது நீங்கதான் டீச்சர்" என்று நன்றி சொன்னார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சித்திரம் எழுதலாம், சித்திர ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தருவார் என்று அவளிடம் விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன். பாடத்தை நிறுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்," என்றாள். பிறகு, "கைய உயர்த்தின நேரம் என்னைய நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். நெனைக்கல்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அடுத்த கிழமை சிலாபத்தில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த வருடக் கூட்டத்தில் சித்திரத்தைத் திரும்பத் தரவேண்டும் என்று நான் பேசினேன். ஒரு பிள்ளைக்காகவா என்று அதிபர் கேட்டார். இப்போதும் அங்கே சித்திரம் இல்லை.

அவள் சித்திரப் பரீட்சை எழுதி, ஏ சித்தி எடுத்தாள். ஆனால் அதற்குள் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. உயர்தரம் படிக்க வரவில்லை. பெறுபேற்றைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். மன்னித்துக்கொள் என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் சந்தோஷம் என்று மட்டும் அனுப்பினேன்.