ஜாமீனில் வந்த பக்கத்து வீட்டுக்காரன்

நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன். என் மலையாளம் சாயாக்கடை வரைக்கும்தான் செல்லுபடியாகும். அதை நம்பி ஒரு வக்கீல் நண்பர், நீதிமன்றத்தில் செல்விக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்.

செல்வி கேரள எல்லையில் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். அவளுடைய சின்ன மகளிடம் தவறாக நடந்து கைதான பக்கத்து வீட்டுக்காரன், ஜாமீன் வாங்கி அதே லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அவள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் போய் அழுதாள். விசாரிக்கிறோம் என்றவர்கள் வரவேயில்லை. பயந்துபோய்ப் பிள்ளையைத் தோட்டத்துக்கே கூட்டிப்போனாள். அதற்கு மட்டும் உடனே வந்தார்கள், குழந்தைத் தொழிலாளர் வழக்குப் போடுவோம் என்று. மறுநாள் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பூட்டை உடைத்தவன் பிள்ளையை உயிரோடு விடவில்லை.

அவனுக்கு ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. அந்த அதிகாரிகளையும் விசாரிக்க வேண்டும் என்பது செல்வியின் மனு.

“அண்ணே, நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. ஒங்க சொந்தச் சரக்கு வேணாம்” என்றாள் நீதிமன்ற வாசலிலேயே.

குற்றவாளிக்குத்தான் தண்டனை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்று நீதிபதி கேட்டார். செல்விக்குத் தமிழில் சொன்னேன்.

“அவன் கெட்டவன்னு எனக்கு முன்னாடியே தெரியும்யா. தெரிஞ்சதுனாலதான ஒங்ககிட்ட வந்தேன்.”

மலையாளத்தில் சொல்லத் தொடங்கினேன். நீதிபதி கையமர்த்தினார், அவருக்குத் தமிழிலேயே புரிந்துவிட்டது. மனுவை வேறொரு தேதிக்குத் தள்ளிவைத்தார்.

அதிகாரிகளைக் கிண்டலடித்து எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இப்போது கை வருவதில்லை. வாசகர் சிரித்து முடித்ததும், அதிகாரிகள் தப்பித்துக்கொள்கிறார்கள்.