பெயர்த்தகடு மட்டும் மின்னிய பிக்கப்

12.06.2023 — அலுமினியப் பெட்டி கட்டியது: ரூபா 640,000
03.02.2024 — அடித்தட்டு ஒட்டுவேலை: ரூபா 18,500
21.05.2024 — பக்கத் தகடு மாற்றியது: ரூபா 46,000
09.09.2024 — பின்கதவுப் பிணைச்சல்: ரூபா 27,500
17.11.2024 — வீதியில் கொட்டிய மீன்: ரூபா 212,000

இந்த ஐந்து வரிகளையும் மீன் வியாபாரி மீராசாகிபு எந்த நேரம் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். கேட்காதவர்களுக்கும் ஒப்புவிப்பார். ஐந்தாவது வரிக்கு வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த நாளில் போனது மீன் மட்டுமல்ல.

இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு 2010இல் நாயாற்றுக்குத் திரும்பியவர் அவர். கடல்நீர் ஏறும் களப்பில் பிடிபடும் மீனையும் இறாலையும் விடியப்புறம் வாங்கி, ஐஸ் போட்டு, நெடுங்கேணி, புளியங்குளம், ஓமந்தை வழியாக வவுனியாச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது தொழில். அதற்கென்று வாங்கிய பழைய பிக்கப்புக்குப் பின்னால் இரும்புத் தொட்டி இருந்தது. ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் மாரிக்கு மாரி அதன் அடித்தட்டைத் துருவேற்றித் தின்றது. ஆனால் இரும்பில் ஒரு வசதி: எந்தச் சந்தியிலும் ஒட்டுக்காரன் இருப்பான். ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் ஒரு துண்டுத் தகட்டை வைத்து ஒட்டி, மூவாயிரம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவான்.

அப்படி ஒட்டி ஒட்டி ஓடிக்கொண்டிருந்தவரை மயக்கியது முன்னால் போன ஒரு வண்டி. கண்டி வீதியில் வெயிலுக்குக் கண்ணைக் கூசவைத்தது அதன் அலுமினியப் பெட்டி. பெட்டி கட்டுகிறவர்கள் பின்கதவில் தங்கள் பெயர்த்தகட்டை அறைந்துவிடுவது வழக்கம். பின்னால் வருகிறவன் வாசித்துத்தான் ஆளைத் தேடிப் போவான். மீராசாகிபுவும் வாசித்தார். ‘கட்டியவர்: முத்துலிங்கம், ஓமந்தை.’ கீழே தொலைபேசி இலக்கம்.

முத்துலிங்கம் கதிரை போட்டு உட்காரவைத்து, ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கதைத்தார்.

“நானா, இரும்பு எண்டால் கறள். அலுமினியத்துக்குக் கறள் எண்டால் என்னெண்டே தெரியாது. பாரம் குறைவு, டீசலும் மிச்சம். பத்து வருசத்துக்கு நீங்கள் இந்தப் பக்கம் வரமாட்டியள்.”

“நான் வராட்டி உங்களுக்கு நட்டமெல்லோ?”

“நீங்கள் வரமாட்டியள். உங்கட வண்டியின்ர பின்பக்கத்தைப் பாத்துப் பத்துப் பேர் வருவினம்.”

அந்தச் சொல்லை மீராசாகிபு மறக்கவில்லை. பிற்பாடு அதே சொல்லைத்தான் ஆயுதமாக எடுத்தார்.

புதுப்பெட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு அதுவே பிள்ளை. சந்தையால் வந்ததும் வராததுமாக வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் களப்புக்கரையில் நிறுத்துவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கி, வாளி வாளியாக அள்ளி ஊற்றி, தும்பு போட்டுத் தேய்ப்பார். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அருமை; களப்பில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? படலையில் நின்றபடி மனைவி ஜொஹறா நக்கலடிப்பா.

“நிக்காஹ் செஞ்ச நாளையிலையிருந்து எனக்கு ஒரு வாளி தண்ணி அள்ளித் தந்திருக்கிறியளா?”

“நீ ஆறு லட்சத்து நாப்பதினாயிரம் இல்லையே.”

எட்டு மாதம் சரியாக இருந்தது. பிறகு போல்டுகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்தது. சுரண்டினால் உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் ஓட்டை. வழக்கமான ஒட்டுக்காரனிடம் கொண்டுபோனார். அவன் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். “என்ர நெருப்பை வைச்சால் இது வழிஞ்சு ஓடிப்போகும், நானா. இதுக்கு வேற காஸ், வேற கம்பி. கட்டின ஆளிட்டையே கொண்டு போங்கோ.” இரும்புக்கு மூவாயிரம் கொடுத்த இடத்தில் அலுமினியத்துக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு போனது. அடுத்தது நாற்பத்தாறாயிரம். ஒவ்வொரு முறையும் முத்துலிங்கம் மூலைகளை விரலால் தடவிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், காசை எண்ணி மேசை லாச்சிக்குள் போடுவார்.

நவம்பர் பதினேழாம் திகதி ஓமந்தைக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்பியதும் பின்கதவு பிணைச்சலோடு பிடுங்கிக்கொண்டு போனது. பாரையும் சீலாவும் இறாலும் கண்டி வீதி நெடுகச் சிதறின. பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறிப் போனது. கதவைத் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டு நேராக முத்துலிங்கத்தின் கராஜுக்குப் போனார். அங்கே வண்டி எடுக்க வந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“பத்து வருசம் எண்டியள், அண்ணை. ஒண்டரை வருசம் ஆகேல்லை.”

முத்துலிங்கம் தலை நிமிராமலே சொன்னார். “கழுவத் தெரியாத ஆக்களுக்கு அலுமினியம் எதுக்கு?”

நின்றவர்கள் சிரித்தார்கள். மீராசாகிபுவின் சேர்ட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது. சிரித்தவர்கள் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. நாள் தவறாமல் கழுவியவனைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால்! காசு போகட்டும். பிழை தன்னுடையது என்று இந்த மனுசன் இதே வாயால், நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். அதுவரை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே நெஞ்சுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கதவைத் திருத்தவில்லை. நீல நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டினார். பெட்டி நாளுக்கு நாள் மாவாக உதிர்ந்தது. ஓட்டைகளைச் சாக்கால் அடைத்தார். பெயர்த்தகட்டை மட்டும் தினமும் காலையில் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, துணியால் துடைத்து, கண்ணாடிபோல வைத்திருந்தார். புளியங்குளம் தாண்டிக் கண்டி வீதியில் ஏறியதும் வேகத்தை முப்பதுக்குக் குறைப்பார். பின்னால் வாகனங்கள் வரிசைகட்டி ஹோர்ன் அடிக்கும். வாசிக்கட்டும், வடிவாய் வாசிக்கட்டும் என்று உள்ளுக்குள் இனித்துக்கொண்டு போவார். ஓமந்தைத் தேத்தண்ணிக்கடையில் வண்டியின் பின்பக்கம் வீதிக்குத் தெரியும்படி நிறுத்துவார். யாராவது கிட்ட வந்தால், “விரலாலை அமத்திப் பாருங்கோ தம்பி” என்பார். விரல் உள்ளே போகும். பிறகு அந்த ஐந்து வரிகள்.

“அந்த ஆளுக்கு அடிக்கிறன் எண்டு எங்கட சோத்திலையெல்லோ மண் போடுறியள்,” என்று ஜொஹறா சண்டை பிடித்தா. ஓட்டைகளால் ஐஸ் தண்ணீர் ஓடியது, மீன் இளகியது, விலை இறங்கியது. அவர் அசையவில்லை.

முதலில் முத்துலிங்கம் தொலைபேசியில் வந்தார். “கொண்டு வாங்கோ நானா, சும்மா செய்து தாறன்.”

“சும்மா வேண்டாம். உங்கட பிழை எண்டு ஆக்களுக்கு முன்னால சொல்லுங்கோ. காசும் தாறன்.”

தொலைபேசி வைக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வவுனியாப் பள்ளிவாசலால் வெளியே வந்தபோது பின்கதவில் பெயர்த்தகடு இல்லை. நாலு ஓட்டைகள்தான் இருந்தன. மீராசாகிபு வீதியில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே கிளிநொச்சியில் விளம்பரப் பலகை எழுதும் வீரையாவிடம் போனார்.

“என்ன எழுதோணும்?”

“இந்தப் பக்கத்திலையிருந்து அந்தப் பக்கம் மட்டும், சிவப்பிலை. ‘தினமும் கழுவப்பட்ட பெட்டி. கட்டியவர்: முத்துலிங்கம், ஓமந்தை.’”

வீரையா பெட்டியை ஒருமுறை பார்த்தார். “பெயின்ற் நிக்கிறதுக்குத் தகடு எங்க இருக்கு, ஐயா?”

“இருக்கிற இடத்திலை எழுதுங்கோ.”

போன பெயர்த்தகடு கையளவுதான் இருந்தது. சிவப்பெழுத்தோ நூறு யார் தூரத்துக்குத் தெரிந்தது. சித்திரைக்குள் முத்துலிங்கத்தின் கராஜில் வேலைக்கு நின்ற மூவரில் இருவர் விலகிவிட்டார்கள் என்று தேத்தண்ணிக்கடையில் கதை வந்தது. அன்று மீராசாகிபு இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தன் பெயரைக் கெடுக்கிறார் என்று முத்துலிங்கமே மத்தியஸ்த சபைக்குப் போனார். யூலை 20ஆம் திகதி விசாரணை. மண்டபம் நிறைய ஆட்கள். மீராசாகிபு எழுந்து, பொக்கற்றிலிருந்து கறள் பிடித்த ஒரு போல்டை எடுத்து மேசையில் வைத்தார். “அலுமினியத்தை இதாலைதான் பூட்டினவர். நடுவிலை ஒரு றப்பர்கூட இல்லை. இரும்பு முட்டினால் அலுமினியம் மாவாகுமாம். கேளுங்கோ.”

தலைவர் கேட்டார். முத்துலிங்கம் அந்தப் போல்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஓம். இரும்பு போல்ட்தான் போட்டனான். எவர்சில்வர் போட்டிருக்கோணும், றப்பர் வைச்சிருக்கோணும். என்ர பிழை.”

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மீராசாகிபுவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஒட்டுவேலைக்கு வாங்கிய தொண்ணூற்றிரண்டாயிரத்தையும் திருப்பிக் கொடுப்பதென்றும், சிவப்பெழுத்தை அழிப்பதென்றும் முடிவானது.

ஓகஸ்ட் 25இல் வேறொருவரிடம், எவர்சில்வர் போல்டும் றப்பரும் வைத்து, ஏழு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் புதுப்பெட்டி கட்டினார். கடன்தான். ஆனாலும் இனி ஒருவனும் வாய் திறக்கக்கூடாது என்று நாளுக்கு இரண்டு தரம் களப்பில் இறங்கிக் கழுவினார். போகும்போது ஒருதரம், வந்த பிறகு ஒருதரம்.

தை மாதம் ஒரு காலையில் கழுவிக்கொண்டு நின்றவரின் கை பின்கதவின் கீழ்விளிம்பில் நின்றது. வெள்ளை மாவு. விரலில் எடுத்துப் பார்த்தார். குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தார். சேசிஸ் கறளில் பொருக்கு வெடித்துக் கிடந்தது. நிமிர்ந்தபோது ஜொஹறா தபாலோடு நின்றா. ஓமந்தை முத்திரை. உள்ளே பழைய பெயர்த்தகடும் ஒரு தாளும் இருந்தன.

‘நானா, போல்ட் என் பிழை, அதைச் சபையில் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. முதல்தரம் ஒட்டுவேலைக்கு வந்தபோதே உங்கள் பெட்டியின் மூலைகளில் களப்புப் பாசி இருந்தது. உப்புத்தண்ணீரால் கழுவுகிறீர்கள் என்று அன்றே எனக்குத் தெரியும். அப்போது சொல்லியிருந்தால் வேலை வந்திருக்காது. சபையில் சொல்லியிருந்தால் உங்கள் புதுப்பெட்டி தப்பியிருக்கும். என் கராஜைப் பூட்டிவிட்டேன். தகட்டை வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பெட்டியில் இருப்பது என் பெயர் இல்லை. நன்றாகக் கழுவுங்கள்.’

மீராசாகிபு முழங்கால் தண்ணீரில் நின்றபடி இரண்டாம் தரமும் வாசித்தார். வாளி களப்பில் மிதந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

“என்னவாம்?” என்றா ஜொஹறா.

அவர் தாளை மடித்துச் சாரத்தின் மடிப்பில் செருகினார். கடிதம் கைக்குக் கிடைத்த திகதி 22.01.2026.