பார்த்துக்கொண்டே இருந்தவள்

சில வருஷத்துக்கு முன்பு, ஒரு தை மாதம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தோம். தாளைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவோம். எனக்குக் கொடுத்த வேலை, தவழ்கிற என் மகனைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

பிரசவமான சில நாளில் எனக்குத் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு. போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தேன். ஆனால் அதன்பிறகு, அசைகிற எதுவும் எனக்கு அசைவதாகத் தெரியவில்லை. ஊற்றுகிற தண்ணீர் கண்ணாடிக் குச்சி மாதிரி அப்படியே நிற்கும். திடீரென்று டம்ளர் வழிந்து தரை நனைந்திருக்கும். எட்டத்தில் இருந்த பஸ் அடுத்த கணம் மூக்குக்கு முன்னால் இருக்கும். மலைக்கு வந்த கண் முகாமில் காட்டினோம். எழுத்தெல்லாம் சரியாகப் படித்தேன். "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் வீட்டில் யார் என் பேச்சைக் கேட்பார்கள்?

அன்று மகன் பாயில் உட்கார்ந்திருந்தான். மாடுகள் எதிர்ப்பக்கம். நான் கண்ணை எடுக்கவில்லை, சத்தியமாக எடுக்கவில்லை. பாயில் இருந்தான், பாயில் இருந்தான், பாயில் இல்லை. மாட்டின் காலடியில் இருந்தான். நாத்தனார் பாய்ந்து இழுத்ததால் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தான்.

"யம்மா, புள்ள போறத பாத்துக்கினே குந்தினு இருந்தாம்மா இவ!" என்று அவள் தன் அம்மாவிடம் கத்தினாள். களத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். பாவி, அவள் பொய்யும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரமே மகனை நாத்தனார் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அவளுக்குக் குழந்தை இல்லை.

பிறகு என் அண்ணன் என்னை வேலூருக்குக் கூட்டிப்போய் மூளை டாக்டரிடம் காட்டினார். உருவத்தையும் நிறத்தையும் மூளையில் ஓரிடம் கவனிக்கிறதாம், அசைவை வேறோர் இடமாம். பிரசவத்துக்குப் பிறகு மூளையில் வந்த ரத்தக்கட்டில் எனக்கு அசைவைக் கவனிக்கிற இடம் மட்டும் செத்துவிட்டதாம். சரியாகாது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி! காரணம் தெரிந்துவிட்டது, இனி பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி மலை ஏறினேன்.

என் கணவர் சிரித்தார். "மாடு தெரியுதாம், மாடு நடக்கறது தெரியலியாம். யாருக்குடி காது குத்தற?"

மாமியார் மட்டும் நம்பினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"நெஜமாவே தெரியலன்னா, உங்கிட்ட புள்ளைய இன்னா தைரியத்துல வுடறது?"

 நடிக்கிறேன் என்றாலும் பிள்ளை இல்லை, நிஜம் என்றாலும் பிள்ளை இல்லை.

இப்போது அவன் நாத்தனாரை அம்மா என்கிறான், என்னை அத்தை என்கிறான். தெருமுனையில் நிற்பான், அடுத்த கணம் அவள் இடுப்பில் இருப்பான். நடுவில் அவன் ஓடி வந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் முந்தானையை அவன் இடுப்பில் கட்டிக்கொண்டாவது வளர்ப்பேன் என்று மாமியாரிடம் சொல்ல அன்று தோன்றவில்லை. இன்று தினமும் தோன்றுகிறது, கேட்கத்தான் யாருமில்லை.