தொப்புளுக்குப் பட்டு நூல் வேணாம்

எங்க அண்ணி அலமுவைத் தெருவுல "புள்ளைய முழுங்கினவ"ன்னுதான் சொல்வாங்க. முதுகுக்குப் பின்னாடி இல்ல, தண்ணிக் குழாயாண்ட, அது காதுபடவே. சொன்ன வாயெல்லாம் அழுகிப்போகன்னு நான் அன்னிக்குத் திட்டியிருக்கணும். திட்டல. இப்ப திட்டறேன்.

நான் காந்தா. அண்ணியோட வீட்டுக்காரர் குமாரசாமி எனக்குக் கூடப்பொறந்த அண்ணன். பெரிய காஞ்சிபுரத்துல எங்க வீட்டுல ரெண்டு தறி, ஒண்ணு அண்ணனுது, ஒண்ணு என்னுது. எங்கம்மா அங்கம்மாள் தெருவுல யாருக்கு வலி வந்தாலும் ஓடிப்போய்ப் பிரசவம் பாக்கும். கைராசிக்காரின்னு பேரு.

அண்ணிக்கு முதல் ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. கொழுகொழுன்னு பொறந்து, வீடே அதிர அழுதுதுங்க. ஆறாம் நாள் பால் குடிக்கறது நின்னுது. வாய் இறுகிப்போய்த் தெறக்கவே இல்ல. தொட்டா ஒடம்பு வில்லு மாதிரி பின்னால வளையும், கதவு சத்தம் கேட்டாக்கூட வெறைச்சுக்கும். எட்டாம் நாள் மூச்சு நின்னுடும். ரெண்டுக்கும் அதே கதிதான். எட்டாம் நாள்தான் எங்க வீட்டுல பேரு வெக்கறது. அதனால ரெண்டும் பேரில்லாமயே போச்சுங்க.

ஜன்னின்னாங்க, காத்து கருப்புன்னாங்க, கடைசில பழி அண்ணி தலையில வந்து விழுந்துச்சு.

எமர்ஜென்சி வருஷம் மூணாவது தங்கிச்சு. அஞ்சாம் மாசம் அண்ணி யாரையும் கேக்காம பொடவைய மாத்திக்கினு, "காந்தா, வரியா?"ன்னுது. நேரா சின்ன காஞ்சிபுரத்துல இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க நர்ஸ் ரமாமணி எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "தொப்புள் கொடிய எதால கட்டினீங்க?"ன்னாங்க.

"பட்டு நூலால"ன்னு நான் முந்திக்கினு சொன்னேன். பெருமையா வேற. பட்டுக்குத்தான் தீட்டே கிடையாதே! அலச வேணாம், கழுவ வேணாம், எப்பவும் சுத்தம். வீட்டுத் தறியிலேருந்து ஒரு இழை எடுத்துக் கட்டினா புள்ளைக்குத் தொழில் ஒட்டும்னு எங்க வழக்கம். தறியில நூல் அறுக்கற கத்தியாலயே கொடியையும் அறுத்துடுவோம்.

"அந்த நூலும் கத்தியும் எங்க கெடக்கும்?"

"தறிக்குழி ஓரமா." காலை உள்ள விட்டு நெய்யற மண்ணு குழி அது. சுத்தியும் சாணி மெழுகின தரை.

ரமாமணியம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "மண்ணுலயும் சாணியிலயும் ஒரு கிருமி தூங்கிண்டு இருக்கும்மா. காத்து படாத புண்ணு கெடைச்சா முழிச்சுக்கும். அது தொப்புளை விட்டு நகராது. அது கக்கற விஷம்தான் நரம்பு வழியா ஏறி முதுகுத் தண்டுக்குப் போறது. இழுத்த சதைய 'போதும், விடு'ன்னு அடக்கற சேதி அங்கேருந்துதான் வரணும். விஷம் அதை அடைச்சுடறது. தறியில மிதிகட்டைய மிதிச்ச கால் எழும்பவே இல்லன்னா என்ன ஆகும்?"

"இழுத்துக் கட்டின பாவு நூல் அறுந்துடும்"னேன்.

அண்ணி அழல. "அப்ப என் மேல தப்பில்ல"ன்னு மட்டும் சொல்லுச்சு. "அதுக்கு மருந்து?"

"விஷம் நரம்புக்குள்ள பூந்துட்டா வெளிய இழுக்க முடியாதும்மா. முன்னாடியே காவல் வெக்கணும். இப்ப உனக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு ஊசி போட்டா, விஷத்தைப் புடிச்சுக் கட்டற சத்து உன் ரத்தத்துல ஊறி வயித்துப் புள்ளைக்கும் போகும்."

அண்ணி அப்பவே கைய நீட்டுச்சு.

வீட்டுல பெரிய ரகளை. ஊசின்னாலே குடும்பக் கட்டுப்பாடுன்னு ஊரே நடுங்கிக்கினு இருந்த காலம். "அடுத்தது தங்காதுடி!"ன்னு அண்ணன் குதிச்சுது. "பொறந்ததே தங்கல, அடுத்ததுக்கு என்ன கவலை?"ன்னுது அண்ணி. அடுத்த மாசமும் ஊசிக்குப் போச்சு அண்ணி. தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாக்க, மாராப்பை ஒதுக்கி ஊசி போட்ட கையக் காட்டிக்கினு திரும்பி வந்துச்சு. அடேயப்பா, என்னா திமிரு! அந்தத் திமிருக்கு நான் கும்புடு போடறேன்.

வலி ஒரு நாள் காலையில திடுதிப்புனு வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்ல. அம்மா பழக்கத்துல, "காந்தா, ஒரு இழை எடுத்தாடி!"ன்னு கத்துச்சு. என் கையும் பழக்கத்துல தறிக்குப் போச்சு.

"அந்த நூல் உள்ள வந்துச்சுன்னா எழுந்துபோய்த் தெருவுல பெத்துக்குவேன்!" பாயில பல்லைக் கடிச்சுக்கினு கத்துச்சு அண்ணி. தலைமாட்டுல ரமாமணியம்மா குடுத்த பொட்டலம், உள்ள கொதிக்க வெச்ச நூலும் புது பிளேடும்.

"என் கைராசிய சந்தேகப்படறியா?"

"ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டேன் அத்தை. சோப்பு போட்டுக் கைய கழுவினு வாங்க, இல்லன்னா தொடாதீங்க."

அம்மா கழுவப் போகல. நான் போய் முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவினேன். பொம்பளப் புள்ளை. நான்தான் அந்த நூலால கட்டினேன், பிளேடால அறுத்தேன். தொப்புள்ல வழக்கமா வெக்கற சாம்பலும் வெக்கல, சாணியும் வெக்கல.

ஆறாம் நாள் குடிச்சுது. ஏழாம் நாளும் குடிச்சுது. எட்டாம் நாள் காலையில ரொம்ப நேரமா அசையாம தூங்கினு கெடந்துச்சு. விரலை வாயாண்ட கொண்டுபோனேன். லபக்குனு கவ்வி உறிஞ்சுச்சு பாரு! நான் ஓன்னு அழுதுட்டேன்.

அண்ணி தெருக்கதவை விரியத் தெறந்துச்சு. "இன்னிக்கு மூணு பேரு வெக்கப் போறேன். மூத்தவன் ஏகாம்பரம், நடுவுளவன் கச்சபேசன், இவ வடிவாம்பாள். மூணும் நான் பெத்தது. எதையும் நான் முழுங்கல!" குழாயாண்ட கொடம் வெச்சிருந்தவளுங்க பாதிக் கொடத்தோட நடையக் கட்டினாளுங்க.

அம்மா செவுத்துல சாஞ்சுக்கினு கேட்டுது, "அப்ப அந்த ரெண்டையும் நான்தானா?"

"தெரியாம கட்டினீங்க அத்தை. இனிமே யாருக்காவது கட்டினீங்கன்னா அது தெரிஞ்சு கட்டறது."

அதுக்கப்புறம் எங்கம்மா ஒரு பிரசவத்துக்கும் பட்டைத் தொடல. விஷயம் தெரிஞ்சப்புறம் தெருவுல இன்னிக்கும் எங்கம்மாவைத்தான் குத்தம் சொல்றாங்க. சரியா கேட்டுக்கோங்க. கட்டினது அம்மா. ரெண்டு தடவையும் தறியிலேருந்து அந்த இழைய அறுத்துக் குடுத்தது நான். அண்ணிக்கு அது தெரியும், ஒரு நாளும் சொல்லிக் காட்டினது இல்ல. அதனாலதான் நானே சொல்றேன்.